தீட்டியும் வெட்டாத கத்தி: கறிக் கத்திக் கோளாறுகளும் தீர்க்கும் வழியும்

தீபாவளி நெருங்கினால் நம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்துக்கு, அதாவது வரிசை வீட்டுக்குப் போனாலும் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) யாராவது கத்தி தீட்டிக்கொண்டிருப்பார்கள். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் பிடித்து, விடியுமுன் வேலையை ஆரம்பித்து, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். கோயில் திருவிழாக் கிடாய், விசேஷத்துக்குப் பன்றி என்று வருடம் முழுக்கக் கத்திக்கு வேலை இருக்கும். ஆனால் கத்தி வெட்டவில்லை என்றதும் எல்லோரும் கல்லைத்தான் தேடுகிறார்கள். என்ன கோளாறு என்று முதலில் பார்ப்பவர்கள் குறைவு. நல்ல பட்டறைக் கத்திகூட நாலைந்து வருடத்தில் பென்சில் மாதிரி ஒல்லியாகிப் போவதற்குக் காரணம் அதுதான். வெட்டித் தேய்ந்ததைவிட வீணாகத் தேய்த்துத் தேய்ந்ததே அதிகம்.

அதனால் கோளாறின் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். உங்கள் கத்தி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, அந்தப் பகுதிக்குப் போங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடாய், பன்றி, கோழி இவற்றை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மரையும் மானும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. காட்டோரம் சுருக்குக் கம்பி வைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, பிறகு செத்தே போனது. அப்படி வந்த இறைச்சிக்கு நான் கத்தி கொடுக்க மாட்டேன்.

"நல்லா வெட்டிக்கிட்டிருந்தது, திடீர்னு வழுக்குது"

கல்லை எடுக்காதீர்கள். சுடுதண்ணியும் துணியும் எடுங்கள்.

ஆட்டுக் கொழுப்பு நம் உடம்புச் சூட்டில்கூட சரியாக உருகாது. நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கறி வெட்டினால், தகட்டில் பட்ட கொழுப்பு அப்படியே உறைந்து வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். விளிம்பை அது மூடிவிட்டால் கத்தி இறைச்சியில் இறங்காமல் சறுக்கும். கூர் அப்படியேதான் இருக்கும், கொழுப்புதான் மறைக்கிறது. பக்கத்தில் ஒரு வாளி சுடுதண்ணி வைத்துக்கொண்டு, அவ்வப்போது முக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். இதற்கும் சரியாகவில்லை என்றால்தான் அடுத்ததைப் பாருங்கள்.

"மணிக்கணக்கா தீட்டுறேன், கூர் ஏறவே மாட்டேங்குது"

கல் விளிம்பைத் தொடவில்லை என்று அர்த்தம். கத்தியைப் படுக்கையாகப் பிடிக்கும்போது விளிம்புக்கு மேலே உள்ள சரிவு மட்டும் தேயும். பளபளப்பு வரும், கூர் வராது.

பிள்ளைகளின் மார்க்கர் பேனாவை வாங்கி, விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் கறுப்பாகக் கோடு போடுங்கள். பிறகு கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை மேலே மட்டும் அழிந்து விளிம்பில் மிச்சமிருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் தூக்கியது கூடிப்போனது. கோடு முழுக்க ஒரே சீராக அழிந்தால் அந்தச் சாய்வைக் கை மறக்கக் கூடாது.

கணக்காகச் சொல்வதென்றால், தோலுரிக்கவும் இறைச்சி கழிக்கவும் உள்ள கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். எலும்பு வெட்டும் மன்னாக் கத்திக்கு 25 முதல் 30 பாகை வேண்டும். 3 சென்றிமீற்றர் அகலமான கத்தியின் முதுகு கல்லிலிருந்து 1 சென்றிமீற்றர் உயர்ந்து நின்றால் ஏறக்குறைய 20 பாகை. கொப்பித் தாளின் மூலையை இரண்டு தடவை சரிபாதியாக மடித்தால் 22.5 பாகை கிடைக்கும். அதைக் கல்லின் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டால் கண்ணுக்கு ஒரு அளவு.

சாய்வு சரி, இன்னும் கூர் ஏறவில்லை என்றால் கல்லைப் பாருங்கள். ரொம்ப மழுங்கிய கத்தியை நைசான பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். இருபக்கக் கல்லில் சொரசொரப்பான பக்கத்தில் தொடங்க வேண்டும்.

கல்லில் தேங்காயெண்ணெய் விட்டுத் தீட்டும் பழக்கமும் நம் பக்கத்தில் இருக்கிறது. கீழ்நாட்டில் அது ஓரளவு சரிவரலாம். இங்கே அந்த எண்ணெய் கல்லின் துளைகளுக்குள் உறைந்து, இரும்புத் தூளையும் சேர்த்துப் பிடித்து அடைத்துவிடும். அப்புறம் கல் கண்ணாடி மாதிரி வழுக்கும். சவர்க்காரம் போட்ட கொதிதண்ணியில் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதன்பிறகு வெறும் தண்ணீரே விட்டுத் தீட்டுங்கள். கல் நடுவில் குழிந்திருந்தால், சீமெந்துத் தரையில் மெல்லிய மணலும் தண்ணீரும் தெளித்து, கல்லைக் குப்புற வைத்து வட்டமாகத் தேய்த்து மட்டமாக்கிக்கொள்ளுங்கள். குழிந்த கல்லில் சாய்வு ஒருநாளும் நிலையாக நிற்காது.

"தீட்டின உடனே முடி வழிக்குது, ஒரு காலை உரிக்கிறதுக்குள்ள மொட்டை"

நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பிசிர்தான் காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு பக்கத்தைத் தீட்டத் தீட்ட, விளிம்பின் நுனியில் உள்ள இரும்பு மெல்லியதாகி மறுபக்கம் மடிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. பெருவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே போகிற மாதிரி மெதுவாக இழுத்தால் சின்னதாக ஒரு தடக்கல் தெரியும். விரலை விளிம்பின் நீளத்துக்கு மட்டும் ஓட்டக் கூடாது, வெட்டிவிடும். விரலில் நம்பிக்கை இல்லையென்றால் ஒரு துண்டுப் பஞ்சை அப்படி இழுங்கள். பிசிர் இருக்கிற இடத்தில் பஞ்சு நார் நாராக மாட்டிக்கொள்ளும்.

பிசிர் வருவது நல்ல அடையாளம். கல் விளிம்பு வரை போய்விட்டது என்று அது சொல்கிறது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டு வெட்டப் போனால், முதல் வெட்டு அந்தப் பிசிரால்தான் நடக்கும். அது பயங்கரக் கூராக இருக்கும், முடிகூட வழிக்கும். இரண்டு இழுப்பில் மடியும் அல்லது பிய்ந்து விழும். அதற்குக் கீழே உள்ளது மழுங்கல் விளிம்பு.

எடுக்கும் விதம் இது. ஒரு பக்கம் முழுக்கப் பிசிர் வரும் வரை தீட்டுங்கள். அடியிலிருந்து முனை வரை, எங்கேயும் விட்டுப்போகாமல். மறுபக்கமும் அப்படியே. அதன்பிறகு நைசான பக்கத்துக்கு மாறி, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுங்கள். இங்கேதான் கை பழக வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் கனம் மட்டும் கல்லில் இருக்கட்டும். காது கொடுத்துக் கேட்டால் சத்தமே மாறுவது தெரியும். கரகரவென்று இருந்தது மெல்லிய சீறலாகிவிடும். முடிவாக, பழைய இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் முதுகு முன்னால் போகிற மாதிரி பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். விளிம்பு முன்னால் போனால் தோலில் ஏறிவிடும். பட்டி இல்லையென்றால் மடித்த பத்திரிகைத் தாளை மரப்பலகையில் வைத்து இழுத்தாலும் போதும்.

திரும்பப் பஞ்சைப் பிடித்துப் பாருங்கள். மாட்டவில்லையா, சரி, வேலை முடிந்தது.

இறைச்சிக் கத்தியைக் கண்ணாடியாக மினுக்க வேண்டாம். கல்லில் எழுதியிருக்கும் நைஸ் இலக்கம் 1000க்குக் கிட்ட இருந்தால் போதும், 400லேயே நிறுத்தினாலும் குற்றமில்லை. தோலையும் நரம்பையும் பிடித்து அறுக்க விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் நல்லது.

பிசிரும் இல்லை, ஆனாலும் சீக்கிரம் மழுங்குகிறது என்றால் வெட்டும் முறையைப் பாருங்கள். ஆட்டு முடிக்குள் மண்ணும் புழுதியும் நிறைய இருக்கும். சேற்றில் புரண்ட பன்றியைச் சொல்லவே வேண்டாம். வெளியிலிருந்து முடியோடு சேர்த்து அறுத்தால் கத்தி மணலில் அறுத்த கணக்குத்தான். முதலில் ஒரு சின்ன வாய் வெட்டி, கத்தியைத் தோலுக்குள் விட்டு, விளிம்பு மேலே பார்க்க உள்ளிருந்து வெளியே அறுத்துக்கொண்டு போங்கள். தோல் பிடிபட்ட பிறகு கத்திக்கே அதிகம் வேலையில்லை. கை முட்டியால் தள்ளித் தள்ளியே ஆட்டுத் தோலைக் கழற்றிவிடலாம். கத்தி ஓட்டை போடாத தோல் அப்படித்தான் கிடைக்கும். பன்றியை வாட்டிச் சுரண்டுவதற்கு ஒரு பழைய கத்தியைத் தனியாக வையுங்கள். கருகின தோலைச் சுரண்டின கத்தியால் இறைச்சி கழிக்க முடியாது.

வெட்டுகிற இடமும் முக்கியம். சீமெந்துத் தரையில் சாக்கு விரித்து வெட்டுவதை நிறையப் பார்க்கிறேன். சாக்கு கத்தியைக் காப்பாற்றாது. தகரம், பீங்கான் தட்டு, கல் எதுவும் ஆகாது. கனமான மரக்கட்டை ஒன்று போதும், குறுக்காக அறுத்த கட்டை இன்னும் நல்லது.

அப்புறம், மொட்டையாகும் வரை விட்டுவைக்காதீர்கள். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுபவர்களை, அதாவது செடியின் கிளைகளை வெட்டிக் குறைப்பவர்களைப் பாருங்கள். வேலை நடுவில் நின்று, கல்லை எடுத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தொடர்வார்கள். மழுங்கின கத்தி கிளையைப் பிளந்துவிடும், பிளந்த கிளையில் தண்ணீர் இறங்கினால் செடி அழுகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஒழுங்கைக் கறிக் கத்திக்கும் கொண்டுவரலாம். இறைச்சிக் கடையில் தொங்கும் தீட்டுக் கம்பியும் இதற்குத்தான். கம்பி இரும்பைத் தேய்ப்பதைவிட மடிந்த விளிம்பை நிமிர்த்துவதுதான் அதிகம். ஆனபடியால் வேலைக்கு நடுவே இரண்டு பக்கமும் நாலு நாலு தடவை மெதுவாக இழுத்தால் போதும். மழுங்கியே போன கத்தியை அது காப்பாற்றாது. கவ்வாத்துக் கத்தியையே கறிக்கு எடுப்பது மட்டும் வேண்டாம். செடிப் பாலும் தெளித்த மருந்தும் பட்ட கத்தி அது.

"விளிம்புல பல் விழுந்திருக்கு"

ஒல்லிக் கத்தியால் எலும்பை ஓங்கி வெட்டியிருப்பீர்கள், அல்லது மூட்டுக்குள் விட்டு நெம்பியிருப்பீர்கள். பிரிட்ஜில் உறைந்து கல்லாகிப்போன கறியை வெட்டினாலும் பல் விழும்.

சின்னப் பல் என்றால் பதற வேண்டாம், அடுத்தடுத்த தீட்டலில் போய்விடும். பெரியதாக இருந்தால், சொரசொரப்பான கல்லில் பல்லின் அடிமட்டம் வரை முழு விளிம்பையும் இறக்கிவிட்டுப் புதிதாகச் சரிவு எடுக்க வேண்டும். பல் விழுந்த இடத்தை மட்டும் தோண்டித் தேய்க்காதீர்கள். அங்கே குழி விழுந்து, கட்டையில் வைத்து வெட்டும்போது அந்த இடத்தில் இறைச்சி நார் அறுபடாமல் தொங்கும்.

திரும்ப விழாமல் இருக்க, எலும்புக்கு மன்னாக் கத்தியை எடுங்கள். ஹக்சோவுக்குப் புதுத் தகடு போட்டு எலும்பை அறுத்தால் சில்லும் தெறிக்காது. மூட்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, இணைப்பு எங்கே என்று கண்டுபிடித்து, அங்கே உள்ள நரம்பை அறுத்தால் ஒரு காலை எலும்பைத் தொடாமலே கழற்றலாம். ஒரே கத்தியால் எல்லாம் செய்வேன் என்று நிற்பவரின் கத்திதான் முதலில் பல் விழும்.

"விளிம்பு அலை அலையா மடியுது, நிமிர்த்தினாலும் நிக்கலை"

சாய்வு 15 பாகைக்கும் கீழே போய், விளிம்பு தாள் மாதிரி மெலிந்திருக்கலாம். அப்படியென்றால் 20 பாகைக்குக் கொண்டுவந்தால் சரியாகும். அப்படியும் மடிந்தால் பதம், அதாவது பட்டறையில் காய்ச்சி ஏற்றிய கடினம், போயிருக்கிறது. கடைசியாக யாரிடம் சாணை பிடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மோட்டார்ச் சாணையில் தீப்பொறி பறக்கப் பறக்க அழுத்திப் பிடித்தால், மெல்லிய விளிம்பு கண்மூடித் திறப்பதற்குள் சூடேறிவிடும். பட்டறைக் கத்தியின் இரும்பு அந்தச் சூட்டை நிறமாகக் காட்டும். 220 பாகை செல்சியஸ் அளவில் வெளிறிய மஞ்சள், 260 வாக்கில் தவிட்டு நிறம், பிறகு ஊதா, 300ஐத் தொட்டால் நீலம். விளிம்பில் நீலம் தெரிந்தால் அந்த இடத்து இரும்பு மென்மையாகிவிட்டது. மேலே மினுக்கி நிறத்தை எடுக்கலாம், பதம் திரும்பாது.

நீலம் நுனியில் மெல்லிய கோடாக மட்டும் இருந்தால், தண்ணீர் விட்டுக் கைக்கல்லில் அந்தப் பகுதி தீரும் வரை தேய்த்துவிட்டுப் புது விளிம்பு எடுங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் கத்தி பிழைக்கும். அகலமாகப் பரவியிருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பதம் வைக்கச் சொல்லுங்கள். லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்த கத்தி இதைத் தாங்கும், தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்த தடவை சாணைக்காரரிடம், "அண்ணே, தண்ணியில முக்கி முக்கிப் பிடிங்க, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். விளிம்புக்குக் கிட்டக் கையை வைத்தால் சுடக் கூடாது, அதுதான் அளவு.

"நடுவுல வெட்டுது, முனை வெட்டலை"

வளைவு வரும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். தூக்காமல் நேராக இழுத்தால் முனை கல்லைத் தொடாமலே போய்விடும். மார்க்கர் கோடு இங்கேயும் உண்மை சொல்லும். கத்தி வெட்டும்போது ஒரு பக்கமாகவே இழுத்தால், ஒரு பக்கத்தை மட்டும் அதிகம் தீட்டியிருக்கிறீர்கள். மற்றப் பக்கத்துக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

"துடைச்சுத்தான் வெச்சேன், துரு பிடிச்சிருக்கு"

தோலுறையிலோ பத்திரிகைத் தாளிலோ சுற்றி வைத்தீர்களா? உறை பார்க்க அழகு. ஆனால் ஹட்டன், மஸ்கெலியா மழைக்காலத்தில் அது ஈரத்தைக் குடித்துக் கத்தியோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் உப்பும் இருக்கிறது. உறை கொண்டுபோவதற்கு மட்டும், வைப்பதற்கு அல்ல. பொலித்தீனும் அப்படித்தான், உள்ளே வியர்க்கும்.

வேலை முடிந்ததும் சுடுதண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தகடு சூடாக இருக்கும்போதே துடைத்து, அடுப்புச் சூட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் காயவைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான், போத்தலில் அது வெள்ளைக் கட்டியாகத்தான் நிற்கும். கட்டியை அப்படியே தடவினால் சில இடம் பூசுப்படும், சில இடம் விட்டுப்போகும், விட்ட இடத்தில் துரு புள்ளி வைக்கும். உருக்கி, துணியில் தொட்டு, சூடான தகட்டில் மெல்லிசாகப் பூசுங்கள். நீண்ட நாள் எடுக்காத கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இன்னும் நல்லது. உறையாது, காறல் நாற்றமும் வராது.

பிடித்த துருவைச் சலித்த அடுப்புச் சாம்பலும் தென்னந்தும்பும் வைத்துத் தேய்த்தால் போகும். சாம்பல்நிறமாக, நீலக் கறுப்பாகப் படிந்திருப்பதைத் துரு என்று நினைத்துச் சுரண்டாதீர்கள். தேசிக்காய், இறைச்சிச் சாறு பட்டுப் பட்டு வரும் படிவு அது. இருந்தால் துரு குறையும். விரலில் செம்மண் நிறம் ஒட்டினால்தான் துரு.

எங்கே வைத்திருந்தாலும், எடுத்ததும் கழுவிவிட்டுத்தான் இறைச்சியில் வைக்க வேண்டும். எலி ஓடுகிற வீடுகள் நம்முடையவை, எலிக்காய்ச்சலும் உள்ள நாடு.

"பிடி ஆடுது"

மற்றக் கோளாறெல்லாம் வேலையைக் கெடுக்கும், இது கையைக் கெடுக்கும். கொழுப்புப் படிந்த கையில் பிடி திரும்பினால் விளிம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஆடி, ஆவணியில் அடிக்கிற வறண்ட காற்றில் நேற்று வரை இறுக்கமாக இருந்த பிடி ஆடத் தொடங்கும். உடனே தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது பலரும் செய்வது. ஒரு நாளைக்கு நிற்கும், பிறகு முன்னைவிட மோசமாக ஆடும். உள்ளே போன தண்ணீர், பிடிக்குள் இறங்கியிருக்கும் இரும்புக் காம்பையும் அரிக்கும். வெளியே கத்தி பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே காம்பு பாதியாகியிருக்கும்.

பிடியைக் கழற்றிப் பாருங்கள். காம்பில் உள்ள துருவை அரத்தால் சுத்தம் செய்யுங்கள். காம்பு தகட்டோடு சேரும் கழுத்தில் வெடிப்போ பாதிக்கு மேல் அரிப்போ இருந்தால், அந்தக் கத்தியைக் கறி வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டறையில் புதுக் காம்பு ஒட்டித் தருவார்கள். காம்பு நன்றாக இருந்தால், துளைக்குள் உள்ள பழைய அரக்கையும் தூளையும் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, இரண்டு குழாயில் வரும் எபொக்சிப் பசையைச் சம அளவாகக் கலந்து நிரப்பிக் காம்பை இறக்குங்கள். அரக்கும் நல்லதுதான், ஆனால் சுடுதண்ணியில் கழுவக் கழுவ இளகும். மரம் வெடித்திருந்தால் காய்ந்த கொய்யாக் கட்டையில் புதுப்பிடி செதுக்கலாம். பச்சைக் கட்டையில் செதுக்கினால் காயும்போது திரும்பவும் ஆடும்.

குளிர் பிரதேசத்தில் பசை இறுக நேரம் எடுக்கும். பெட்டியில் எழுதியுள்ள நேரத்தை நம்பாமல் ஒரு முழு நாள் அசையாமல் நிறுத்தி வையுங்கள். அன்றைக்கே கறி வெட்ட வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுக் கத்தியைக் கேட்டு வாங்குங்கள்.